தீ விட்டுச் சென்ற திடல்: அகிஹபாராவின் கதை

டோக்கியோ நகரத்திலே, பழைய வானொலிப் பெட்டிக்கு வேண்டிய ஒரு வால்வு முதல், சித்திரக் கதையில் வரும் பெண்ணின் விரலளவு பொம்மை வரையில், வேறெங்கும் அகப்படாத பொருள் எதுவாயினும் அங்கே போய்த் தேடினால் அகப்படும் என்று ஜனங்கள் நம்பிக்கையோடு சொல்லும் கடைவீதி ஒன்று உண்டு. அதற்கு அகிஹபாரா என்று பெயர். மின்சாரச் சாதனங்களின் சந்தை என்று ஒரு தலைமுறையினரும், கம்ப்யூட்டர்களின் ஊர் என்று அடுத்த தலைமுறையினரும், சித்திரக் கதை ரசிகர்களின் புண்ணிய ஸ்தலம் என்று இன்றைய இளைஞர்களும் அதைக் கருதுகிறார்கள். ஒரே வீதி ஒரு நூற்றாண்டுக்குள் இத்தனை வேஷங்களைத் தரித்தது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தால், வியாபாரத்தின் சரித்திரமாகத் தொடங்கும் கதை, மனிதர்களின் தனிப்பட்ட ஆசைகளின் சரித்திரமாக முடிவதைக் காணலாம்.

பெயர் பிறந்த விதம்

டோக்கியோவுக்கு எடோ என்ற பெயர் வழங்கிய காலத்தில், மரத்தாலும் காகிதத்தாலும் ஆகிய வீடுகள் நெருக்கமாக நின்ற அந்நகரத்தில், தீ விபத்து அடிக்கடி நேர்ந்தபடியால், தீயும் சண்டையும் எடோவின் மலர்கள் என்று பழமொழியே உண்டாகிவிட்டது. மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சியில் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், அதாவது 1869-70 குளிர்காலத்தில், கண்டா பகுதியில் பற்றிய பெருந்தீ பல தெருக்களைச் சாம்பலாக்கியது. அந்த இடத்தில் மறுபடியும் வீடு கட்ட இடங்கொடாமல், இனி ஒரு தீ எழுந்தால் அது தாண்டிச் செல்ல முடியாதபடி அரசாங்கத்தார் நிலத்தை வெறுந்திடலாக விட்டுவைத்து, 1870-இல் தீயைத் தணிக்கும் தேவர்களுக்கு ஒரு சிறு ஆலயத்தையும் அங்கே ஸ்தாபித்தார்கள்.

ஆனால் அக்னி பயத்தைப் போக்கும் தெய்வம் என்றாலே, ஷிஸுவோகா பிரதேசத்து மலையில் எழுந்தருளியிருக்கும் அகிபா தெய்வம் என்பது சாதாரண ஜனங்களின் நெஞ்சில் ஊறிய நம்பிக்கை. ஆதலால் புதிய ஆலயத்தில் வேறு தேவர்களே பிரதிஷ்டையாகியிருந்தும், ஜனங்கள் அதை அகிபா கோயில் என்றும், அதைச் சுற்றிய திடலை அகிபாவின் வெளி என்றும் அழைக்கலானார்கள். 1888-இல் ரயில் பாதைக்கு இடம் விடுவதற்காக ஆலயம் வேறிடத்துக்குப் பெயர்ந்து சென்றது. பெயர் மட்டும் பெயரவில்லை. 1890-இல் அங்கே திறக்கப்பட்ட சரக்கு ரயில் நிலையத்துக்கும் அதே பெயர் ஏற்பட்டு, உச்சரிப்பில் எழுத்துக்கள் முன்பின்னாக மாறி, அகிஹபாரா என்று நிலைத்துவிட்டது. இன்று அந்தப் பெயரைச் சொல்லும் லட்சோப லட்சம் பேரில், தாம் சொல்வது ஒரு தீத் தெய்வத்தின் நாமம் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே.

கண்டா நதியிலிருந்து வெட்டிய கால்வாயின் வழியே படகுகள் வந்து சரக்கை ஏற்றியிறக்கிய அந்த நிலையத்தில், 1923-இல் பூகம்பம் நகரத்தை அழித்த பின்னர், 1925-இல் பிரயாணிகளின் வண்டிகளும் நிற்கத் தொடங்கின. 1928-இல் கண்டாவின் பெரிய காய்கனிச் சந்தை நிலையத்தின் பக்கத்திலே குடியேறியது. 1932-இல் குறுக்கே இன்னொரு ரயில் பாதை, முதற் பாதைக்கு மேலே உயரமான பாலத்தின்மீது வந்து சேரவே, அகிஹபாரா நாற்புறத்தாரும் வந்து இறங்கும் சந்திப்பாயிற்று. அந்தப் பாலங்களுக்கு அடியிலே உண்டான நிழலும் இடுக்கும் பிற்காலத்தில் எத்தனை குடும்பங்களுக்கு ஜீவனோபாயம் ஆகப்போகின்றன என்று அன்று யாரும் கண்டிருக்க முடியாது.

பாலத்தின் அடியில்

இரண்டாம் மகாயுத்தம் முடிந்தபோது டோக்கியோவின் பெரும்பகுதி வெடிகுண்டுகளால் கருகிக் கிடந்தது. உணவுக்கும் உடைக்கும் அலைந்த ஜனங்கள் அவற்றுக்கு அடுத்தபடியாகத் தேடிய பொருள் செய்தி. யுத்த காலத்தில் சிற்றலை வானொலி கேட்பதே குற்றமாயிருந்த தேசத்தில் அந்தத் தடை நீங்கியதும், வானொலிப் பெட்டிக்கு அளவற்ற கிராக்கி ஏற்பட்டது. தொழிற்சாலையில் செய்த பெட்டியோ ஏழை எளியவர் வாங்கத்தக்க விலையில் இல்லை. அந்தச் சமயத்தில், கண்டாவின் தெருவோரங்களில் ராணுவத்தார் கழித்துவிட்ட வால்வுகளையும், கண்டென்ஸர்களையும், கம்பிச் சுருள்களையும் பாயில் பரப்பி விற்ற கடைகள் தோன்றின. அருகிலிருந்த மின்சாரத் தொழிற்கல்லூரியின் மாணவர்கள் அந்த உறுப்புகளை வாங்கிச் சென்று, இரவெல்லாம் விழித்திருந்து, பற்றவைத்து, பெட்டிகளாக்கி விற்றுப் படிப்புக்குப் பணம் தேடினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவராகப் பல வியாபாரிகள் வேறு சரக்கைக் கைவிட்டு வானொலி உறுப்புகளுக்கு மாறினார்கள்.

1949-இல் ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படைத் தலைமையகம், வீதியோரக் கடைகளையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு பிறப்பித்தது. போக்கிடமற்ற வியாபாரிகள் ஒன்றுகூடி அதிகாரிகளிடம் மன்றாடியதன் பயனாக, அகிஹபாரா நிலையத்துப் பாலங்களின் அடியில் இருந்த காலியிடம் அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே ‘ரேடியோ சென்டர்’, ‘ரேடியோ ஸ்டோர்’ முதலிய பெயர்களோடு எழுந்த கட்டடங்களில், ஒருவர் கையை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடத்தக்க கடைகள் வரிசை வரிசையாக அமைந்தன. ஒரு கடையில் திருகாணி மட்டும் இருக்கும். அடுத்ததில் டிரான்ஸ்பார்மர் மட்டும். அதற்கடுத்ததில் விளக்குப் பித்தான் மட்டும். இடம் குறுகிப் போனதால் சரக்கும் குறுகியது. சரக்கு குறுகவே கடைக்காரருடைய ஞானம் ஆழமாயிற்று. கம்பி விற்பவர் கம்பியின் சகல லட்சணங்களையும் அறிந்தவராயிருந்தார். வாங்க வருகிறவரும் தமக்கு என்ன வேண்டும் என்பதை அணுவணுவாக அறிந்து வந்தார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே வித்தையின் மாணாக்கர்களாக நின்று பேசும் அந்தச் சுபாவமே அகிஹபாராவின் உயிர் என்று நான் கருதுகிறேன். பின்னாளில் அந்த வீதியில் சரக்கு எத்தனை தடவை மாறியபோதிலும், இந்தச் சுபாவம் மாறாமல் ஒவ்வொரு சரக்கின் மீதும் ஏறிக்கொண்டது.

மூன்று பொக்கிஷங்கள்

1951-இல் தனியார் வானொலி நிலையங்கள் பேசத் தொடங்கின. 1953 பிப்ரவரியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு ஷார்ப் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டியின் விலை 1,75,000 யென். புதிதாக வேலையில் அமர்ந்த ஒரு சிப்பந்திக்கு அதை வாங்க இரண்டாண்டுச் சம்பளமும் போதாது. ஆயினும் தேசத்தின் பொருள் வளம் பெருகப் பெருக, வாள், கண்ணாடி, மணி ஆகிய மூன்றும் சக்கரவர்த்தி பரம்பரையின் புனிதச் சின்னங்களாக இருப்பதுபோல, தொலைக்காட்சிப் பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று பொக்கிஷங்கள் என்று ஜனங்கள் பேசலானார்கள். 1959-இல் பட்டத்து இளவரசரின் திருமண ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே அநேகர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள்.

இந்தப் பொக்கிஷங்களைக் குறைந்த விலைக்கு வாங்க வேண்டுமானால் அகிஹபாராவுக்குப் போக வேண்டும் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. வானொலி உறுப்பு விற்ற சிறு வியாபாரிகளிற் சிலர் பெருவீதியில் மாடிகள் எழுப்பினார்கள். லாவோக்ஸ், இஷிமாரு, யமகிவா, ஒனோடென் முதலிய கடைகளின் விளக்கெழுத்துக்கள் இரவைப் பகலாக்கின. மாதச் சம்பளத்தில் சேமித்த பணத்தோடு தம்பதிகள் வருவார்கள். ஒரு கடையில் விலை கேட்டு, அடுத்த கடையில் அதைச் சொல்லிக் குறைத்துப் பேசி, சுமக்க முடியாத பெட்டியைச் சுமந்துகொண்டு மகிழ்ச்சியோடு ரயில் ஏறுவார்கள். நிலையத்தின் ஒரு பக்கத்தில் விடியற்காலையில் முள்ளங்கியும் முட்டைக்கோசும் ஏலம் போக, மறுபக்கத்தில் பகலெல்லாம் மின்சாரச் சரக்கு விற்ற அந்த ஆண்டுகளே அகிஹபாராவின் குடும்பகாலம் எனலாம்.

ஏழாவது மாடியில் ஒரு திறப்பு விழா

1976 ஆகஸ்டில் என்.இ.சி. கம்பெனி, டிகே-80 என்ற பெயரில், உறையோ திரையோ இல்லாத ஒரு சர்க்யூட் பலகையை 88,500 யென்னுக்கு வெளியிட்டது. நுண்செயலி என்னும் புதிய பொருளை எஞ்சினியர்களுக்குப் பழக்கிவைப்பதே அதன் நோக்கம். அடுத்த மாதமே, அகிஹபாராவில் பெயர் பெற்ற ரேடியோ காய்கான் மாளிகையின் ஏழாவது மாடியில், அதைப் பற்றிய சந்தேகங்களை விளக்குவதற்கு ‘பிட்-இன்’ என்ற கூடம் ஒன்றைத் திறந்தார்கள். எஞ்சினியர்கள் வந்தார்கள், அவர்களைக் காட்டிலும் அதிகமாக மாணவர்களும், வேறு தொழில் செய்பவர்களும், இதனால் இன்ன பிரயோஜனம் என்று தமக்கே சொல்லத் தெரியாத சிறுவர்களும் வந்து மொய்த்தார்கள். விற்பவர்கள் எதிர்பாராத இந்த ஆர்வமே 1979-இல் பிசி-8001 என்ற முழுக் கம்ப்யூட்டர் பிறப்பதற்குத் தூண்டுதலாயிற்று. ஜப்பானில் தனிமனிதரின் கம்ப்யூட்டர் பிறந்த ஸ்தலம் இதுவே என்று அந்த மாளிகையில் ஒரு பலகை பொறித்து வைத்தார்கள்.

பாலத்தின் அடியில் வால்வு தேடிய பையனும் ஏழாவது மாடியில் நுண்செயலியைத் தேடிய பையனும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள். பொருள் வேலை செய்தால் போதும் என்று அவர்கள் திருப்தியடைவதில்லை. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அதன் உள்ளே புகுந்து காணும் வரையில் அவர்களுக்குத் தூக்கம் இல்லை.

இதற்கிடையில், நகரத்தின் புறப்பகுதிகளில், வாகனம் நிறுத்த விசாலமான இடம் கொண்ட பெருங்கடைகள் தோன்றி, குடும்பங்களின் வியாபாரத்தைக் கவர்ந்துகொண்டன. 1989-இல் காய்கனிச் சந்தையும் ஓட்டா பகுதிக்குப் போய்விட்டது. சலவை இயந்திரம் வாங்க வந்த தம்பதிகள் வராமற்போன இடத்தைக் கம்ப்யூட்டர் பிரியர்கள் நிரப்பினார்கள். 1990-இல் லாவோக்ஸ் ஒரு முழு மாளிகையையே கம்ப்யூட்டருக்கு ஒதுக்கியது. 1995 நவம்பரில் ஜப்பானிய மொழி விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்த நள்ளிரவில், திருவிழாவுக்குக் கூடுவதைப் போல அகிஹபாராவில் கூட்டம் கூடியது.

‘தங்கள் இல்லம்’ என்ற சொல்

இந்தக் கூட்டத்தாருக்கு ஒரு பெயர் உண்டு: ஒடாக்கு. ‘தங்கள் இல்லம்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பழக்கம் அதிகமில்லாத ஒருவரை ‘தாங்கள்’ என்று மரியாதையோடு விளிப்பதற்கும் அது வழங்கும். சித்திரக் கதைகளிலும் விஞ்ஞானக் கற்பனைகளிலும் ஈடுபட்ட கூச்சமுள்ள இளைஞர்கள், தோழமையோடு பேச வேண்டிய இடத்திலும் இந்தத் தூரத்து மரியாதைச் சொல்லையே ஒருவருக்கொருவர் வழங்குவதைக் கவனித்த நகமோரி அகியோ என்ற எழுத்தாளர், 1983-இல் ஒரு பத்திரிகையில் அவர்களுக்கு அதையே பெயராகச் சூட்டினார். அவர் சூட்டியது பரிகாசத்தோடு. 1989-இல் சிறுமிகளைக் கொன்ற கொடியவன் ஒருவன் பிடிபட்டு, அவனுடைய அறையில் ஆயிரக்கணக்கான ஒளிநாடாக்கள் அகப்பட்டபோது, பத்திரிகைகள் அந்தப் பெயரை ஒரு வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டன. ஒருவன் செய்த பாதகத்துக்காக, தம் அறையில் அமர்ந்து படம் வரைவதையும் பொம்மைக்கு வர்ணம் தீட்டுவதையும் தவிர வேறு ஒன்றும் அறியாத பல்லாயிரம் பேர் பல ஆண்டுகள் தலைகுனிந்து நடக்க நேர்ந்தது.

வெளியார் அறியாத உலகம் ஒன்றை அதற்கு முன்பே அவர்கள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். தாமே எழுதி, வரைந்து, அச்சிட்ட கதைப் புத்தகங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக, 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்கள் கூடிய ‘காமிக் மார்க்கெட்’ முதற் சந்தைக்கு வந்தவர்கள் சுமார் 700 பேர்தான். பிற்காலத்தில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் திரளும் மகாசந்தையாக அது வளர்ந்தது. ஆனால் அது ஆண்டுக்கு இரு முறையே கூடும். மற்ற நாட்களில் இவர்கள் எங்கே போவார்கள்?

கம்ப்யூட்டர் வாங்க அகிஹபாராவுக்குப் போவார்கள். ஆகவே, அவர்கள் விரும்பிய மற்றப் பொருள்களும் அங்கேயே வந்து சேர்ந்தன. ஒசாகாவில் தோன்றிப் பொம்மை வார்ப்பில் புகழ் பெற்ற காய்யோடோ என்ற ஸ்தாபனம், 1997-இல், இளைஞரின் நாகரிக வீதியாகிய ஷிபுயாவிலிருந்த தன் கடையை மூடிக்கொண்டு ரேடியோ காய்கானுக்குக் குடிபெயர்ந்தது. ஒலிப்பெட்டிகளும் கம்ப்யூட்டர்களும் விற்ற மாடிகளில், ஒன்றன்பின் ஒன்றாக, பொம்மைக் கடைகளும் சித்திரக் கதைக் கடைகளும் குடியேறின. சிறு கண்ணாடிக் கூண்டுகளை மாத வாடகைக்கு விடும் கடைகளும் தோன்றின. அந்தக் கூண்டுகளில் எந்த மனிதரும் தாம் சேர்த்த பொம்மைகளைத் தாமே விலை குறித்து விற்கலாம். பாலத்தின் அடியிலிருந்த சின்னஞ்சிறு கடை, இப்போது ஒரு முழங் கண்ணாடிக் கூண்டாக மறு அவதாரம் எடுத்தது.

இந்த மாறுதலைக் கூர்ந்து நோக்கிய மொரிகவா காயிச்சிரோ என்ற கட்டடக்கலை அறிஞர், 2003-இல் எழுதிய நூலில் ஓர் அரிய கருத்தைக் கூறினார். சில நகரப் பகுதிகளை அரசாங்கம் திட்டமிட்டு எழுப்பியது. ஷிபுயா போன்றவற்றை ரயில் கம்பெனிகளும் பெருங்கடைகளும் தம் மூலதனத்தால் அலங்கரித்தன. அகிஹபாராவையோ, முதலாளி எவரும் திட்டமிடாமல், ஒரே ருசியுடைய தனிமனிதர்கள் ஓரிடத்தில் கூடிய காரணத்தினாலேயே ஒரு புதிய நகரமாக்கினார்கள் என்பது அவர் வாதம். ஷிபுயாவின் கடைகள் கண்ணாடிச் சுவர்களால் உள்ளிருப்பதை வெளிக்காட்ட, அகிஹபாராவின் கடைகள் ஜன்னல்களைச் சித்திரங்களால் மூடிக்கொள்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். தனியறையின் சுவரில் ஒட்டிய படங்கள் வீதியின் சுவருக்கு வந்துவிட்டன. மறைவாக இருந்த அறையே நகரமாக விரிந்துவிட்டது. 2004-இல் வெனிஸ் நகரத்துக் கட்டடக்கலைக் கண்காட்சியில், ஜப்பானின் கூடத்தை இந்த ஒடாக்கு உலகத்தைக் கொண்டே அவர் அமைத்துக் காட்டினார். வசையாக வழங்கிய சொல், பன்னாட்டு மண்டபத்தில் ஒரு தேசத்தின் அடையாளமாக எழுதப்பட்டது.

அரங்கமும் அஞ்சலியும்

2001 மார்ச்சில், பழைய ஆங்கிலப் பிரபு மாளிகையின் பணிப்பெண்களைப் போல உடுத்த பெண்கள் அமைதியாகத் தேநீர் பரிமாறும் ‘க்யூர் மெய்ட் கஃபே’ அகிஹபாராவில் திறந்தது. அதைத் தொடர்ந்து வந்த உபசார விடுதிகளில், நுழைகிறவரை ‘இல்லம் திரும்பினீர்களா, எஜமானரே’ என்று வரவேற்பது சம்பிரதாயமாயிற்று. வெளியார் இதை விநோதமென்று பார்க்கலாம். ஆனால், நாளெல்லாம் பேச்சுத் துணையின்றி உழைத்து, வெற்றறைக்குத் திரும்பும் மனிதர்கள் பெருகிய மாநகரத்தில், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விலை கொடுக்கச் சிலர் முன்வருகிறார்கள் என்பது இரக்கத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

2005-இல் புதிய ரயில் பாதை ஒன்றும், யோதோபாஷி என்னும் மாபெருங் கடையும் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு டிசம்பர் 8-இல், ஒரு பல்பொருள் மாளிகையின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் அரங்கத்தில், ஏகேபி48 என்ற பாடகியர் குழு அரங்கேறியது. பெயரின் முதல் மூன்று எழுத்துக்களும் அகிபாவைக் குறிப்பவை. முதல் நாள் வந்திருந்த 72 பேரில் டிக்கெட்டு வாங்கி வந்த பொதுஜனங்கள் ஏழு பேர் மட்டுமே என்பது பிரசித்தம். தொலைவில் மின்னும் நட்சத்திரமாக இராமல், நாள்தோறும் போய்ச் சந்திக்கத்தக்கவர்களாகப் பாடகியர் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய அந்தக் குழு, சில ஆண்டுகளுக்குள் தேசத்திலேயே மிகப் புகழ் பெற்றதாயிற்று.

பெருவீதியில் 1973 முதல் ஞாயிறு முதலிய விடுமுறை நாட்களில் வாகனங்களை விலக்கி, ஜனங்கள் தாராளமாக உலாவ விட்டுவந்தார்கள். ‘பாதசாரிகளின் சொர்க்கம்’ என்று அதற்குப் பெயர். 2008 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஒருவன் அந்தக் கூட்டத்தின்மீது லாரியை ஏற்றி, இறங்கிக் கத்தியாலும் குத்தியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். 10 பேர் காயமுற்றார்கள். சந்திப்பின் ஓரத்தில் மலர்கள் குவிந்தன. சொர்க்கம் மூடப்பட்டது. கடைக்காரர்களும் குடியிருப்போரும் காவல் ஏற்பாடுகளைச் செய்து, 2011 ஜனவரியில் அதை மறுபடியும் திறக்கச் செய்தபோது, தங்கள் வீதியை அச்சத்துக்கு விட்டுக்கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை என்பது புலனாயிற்று.

இன்று

காலம் நிற்பதில்லை. பாலத்தின் அடியிலிருந்த ‘ரேடியோ ஸ்டோர்’ 2013 நவம்பரில் மூடப்பட்டது. பழைய ரேடியோ காய்கான் இடிக்கப்பட்டு, 2014-இல் புதிய மாளிகையாக எழுந்தது; அதன் மாடிகளில் இப்போது பொம்மைகளும் விளையாட்டுச் சீட்டுகளுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் விளையாட்டுக் கூடங்களும் புத்தகக் கடைகளும் பல மறைந்தன. கடல் கடந்த பிரயாணிகள் பெருந்தொகையாக வருகிறார்கள்.

வீதிக்கு மேற்கே, சிறு குன்றின்மேல், கண்டா மியோஜின் என்ற பழமையான ஆலயம் இருக்கிறது. அகிஹபாராவின் வியாபாரிகள் தங்கள் காவல் தெய்வமாகப் போற்றும் அந்த ஆலயத்தில், கம்ப்யூட்டரில் சேமித்த தகவல்களுக்குத் தீங்கு நேராமல் காக்கும் ரட்சையை இன்று விற்கிறார்கள். தீக்கு அஞ்சிக் கோயில் கட்டியவர்களின் சந்ததியார், தம் காலத்தின் அச்சத்துக்கு ஏற்ற ரட்சையைத் தேடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

‘ரேடியோ சென்டர்’ மட்டும் ரயில் பாதையின் அடியிலே இன்னும் இருக்கிறது. மேலே வண்டி கடக்கும்போதெல்லாம் கூரை அதிர்கிறது. குறுகிய நடையின் இருபுறமும், நூற்றுக்கணக்கான சிறு அறைகள் கொண்ட பெட்டிகளில், ரெஸிஸ்டர்களும் விளக்குமணிகளும் வர்ணவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் விற்கிறார்கள். வெளியே பெருவீதியில், சித்திரப் பெண்கள் ஏழு மாடி உயரத்துக்குப் புன்னகை செய்கிறார்கள். அவர்களின் கீழே நடக்கும் இளைஞர்கள், நீண்ட பெயரைச் சுருக்கி, ‘அகிபாவுக்கு வந்தோம்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ரயில்வே நிலையத்துப் பலகை மாற்றிவிட்ட பெயரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தீக்குத் தப்பியவர்கள் சொன்ன விதமாகவே, அவர்கள் தம்மையறியாமல் சொல்லுகிறார்கள்.